எபிரேயத் தீர்க்கதரிசிகளின் கவிதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளை இலக்கியமாக வாசிக்கும் சிறு குழு ஒன்றில் சில வருடங்களாக இருக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். சபைக்குப் போகிறவர்கள் பாதி, போகாதவர்கள் பாதி. புதிதாக யார் வந்தாலும் முதல் இரண்டு மூன்று கூட்டங்களில் இதே கேள்விகள்தான் வரும். பதில்களை எழுதிவைத்துவிட்டால் டீ ஆறுவதற்குள் பாடத்துக்குப் போய்விடலாமே என்றுதான் இந்தப் பக்கம். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். பெயர்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பின் (புராட்டஸ்டன்ட் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் பைபிள்) வடிவங்களையே வைத்திருக்கிறேன். வேறு ஏதும் குறிப்பிடாத மேற்கோள்கள் நானே தமிழாக்கியவை.

1. தீர்க்கதரிசின்னா நடக்கப்போறதைச் சொல்றவர்தானே? அவருக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம்?

அந்தச் சொல்லே நம்மை அப்படி நினைக்கவைக்கிறது. எபிரேயத்தில் அவருக்கு 'நாவி' என்று பெயர். ஒருவர் சார்பாகப் பேசும் ஆள் என்ற பொருளே அதில் முந்தி நிற்கிறது. திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பு 'இறைவாக்கினர்' என்று போட்டது இதற்கு நெருக்கம். அந்தக் காலத்தில் அரசனின் தூதன் இன்னொரு நாட்டு அவையில் போய் நின்று "இன்ன அரசர் சொல்வது இது" என்றுதான் ஆரம்பிப்பான். தீர்க்கதரிசிகளும் அதே வாசகத்தில், கடவுளின் பெயரை வைத்து ஆரம்பிக்கிறார்கள்.

எதிர்காலம் வராமல் இல்லை. ஆனால் அவர்கள் பேச்சில் பெரும்பகுதி அன்றைய நடப்பு: கள்ளத் தராசு வைத்திருக்கும் தானிய வியாபாரி, வீட்டோடு வீடும் வயலோடு வயலும் சேர்த்துக்கொண்டே போகிறவன், லஞ்சம் வாங்கும் நீதிபதி. இதையெல்லாம் கோயில் முற்றத்திலும் நகர வாசலிலும் நின்று சொல்ல வேண்டும். கேட்பவன் வீட்டுக்குப் போனபிறகும் அது அவன் காதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கவிதையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

2. எந்தெந்தப் புத்தகம்? எல்லாமே கவிதையா?

இல்லை. எபிரேய வேதத்தில் பிந்திய தீர்க்கதரிசிகள் என்ற தொகுப்பில் வருபவை ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், அப்புறம் ஒரே சுருளாக எண்ணப்படும் பன்னிரண்டு சிறு நூல்கள். ஆமோஸ், ஓசியா, மீகா, நாகூம், ஆபகூக் ஆகியவை பெரும்பாலும் கவிதை. எரேமியா பாதிக்குப் பாதி. எசேக்கியேல், ஆகாய், மல்கியா உரைநடைப் பக்கம் சாய்பவை. யோனா ஒரு கதை, நடுவில் ஒரே ஒரு பாட்டு. தானியேலை யூத மரபு இந்தத் தொகுப்பிலேயே சேர்ப்பதில்லை.

3. என் பைபிள்ல எல்லாம் வசனம் வசனமா உரைநடையாத்தானே இருக்கு? கவிதைன்னு யார் சொன்னது?

நியாயமான சந்தேகம். மூலப்பிரதிகளிலேயே அது தொடர்ச்சியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1947-ல் சாக்கடலோரம் கும்ரானில் கிடைத்த பெரிய ஏசாயா சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மீட்டருக்கும் அதிக நீளம், 54 செங்குத்துப் பத்திகள், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் கவிதை அடிகள் என்று எதுவும் பிரித்துக் காட்டப்படவில்லை. பிற்கால யூத மரபில் சங்கீதம், நீதிமொழிகள், யோபு என்ற மூன்று நூல்களுக்கும் தனி ஓதல் குறிகள் உண்டு. தீர்க்கதரிசிகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

ஒரு கருத்தை வேறு சொற்களில் இரட்டித்துச் சொல்லும் வழக்கத்தை இடைக்கால யூத உரையாசிரியர்கள் கவனித்திருந்தார்கள். ஆனால் அதையே கவிதையின் எலும்புக்கூடு என்று விரித்துக் காட்டியவர் ராபர்ட் லோத். ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தபோது லத்தீனில் ஆற்றிய சொற்பொழிவுகளை 1753-ல் நூலாக்கினார். 1778-ல் ஏசாயாவை அடி அடியாகப் பிரித்து மொழிபெயர்த்தார். நம் திருவிவிலியம் (1995) அடிபிரித்து அச்சிடுவதும் அந்த வழியில் வந்ததுதான். உங்கள் கையிலிருப்பது பழைய மொழிபெயர்ப்பு. அதில் வசன எண்தான் பிரிப்பு.

4. எதுகை மோனை கிடையாதாமே? அப்புறம் எப்படிக் கவிதை?

ஓசை ஒப்புமை அங்கங்கே உண்டு, கட்டாயம் இல்லை. சீர், தளை என்ற கணக்கும் நம் யாப்பு மாதிரி இறுக்கமாக இல்லை. ஒரு அடியில் இரண்டு, மூன்று, சில நேரம் நான்கு அழுத்தங்கள். அடிகள் ஜோடி ஜோடியாக வரும். முதல் அடி ஒன்று சொல்லும், இரண்டாம் அடி அதற்குப் பதில் கொடுக்கும். இதை வேதாகமக் கல்லூரிகளில் பேரலலிசம் என்றே சொல்வார்கள். நான் இணைவரி என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏசாயாவின் முதல் அதிகாரத்திலேயே ஒன்று இருக்கிறது:

மாடு அறியும் தன் உடையவனை,
கழுதை, தன் எஜமானின் தொட்டியை;
இஸ்ரவேல் அறியாது,
என் ஜனம் உணராது.

எபிரேயத்தில் ஒவ்வொரு அடிக்கும் மூன்றே சொல். இரண்டாம் அடியில் 'அறியும்' என்ற வினை இல்லை. முதல் அடியிலிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. மாட்டுக்கு ஆளைத் தெரியும். கழுதைக்கு அதுகூட வேண்டாம், தீனி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் போதும். ஒரு படி இறங்கிவிட்டோம். மூன்றாம் அடியில் இன்னும் கீழே: "இஸ்ரவேல் அறியாது." எதை அறியாது? சொல்லவில்லை. மாட்டுக்கு ஒரு செயப்படுபொருள், கழுதைக்கு ஒன்று, இஸ்ரவேலுக்கு வெற்றிடம். உடையவனையும் தெரியாது, தொட்டியையும் தெரியாது. திட்டு முழுவதும் அந்த விடுபட்ட சொல்லில் இருக்கிறது.

5. அப்போ ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்றதுதான் டெக்னிக்கா? போரடிக்காதா?

இரண்டாவது தடவை அதே விஷயமாக இருந்தால் போரடிக்கும்தான். லோத் இணைவரியை ஒத்தது, முரணானது, தொடர்வது என்று மூன்றாகப் பிரித்தார். அந்த 'ஒத்தது' என்ற பெயர்தான் வினை. இரண்டு அடியும் ஒன்று என்று எல்லாரும் இரண்டாம் அடியைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். 1980-களில் ஜேம்ஸ் குகல், ராபர்ட் ஆல்ட்டர் என்ற ஆய்வாளர்கள் இதை மறுத்து, இரண்டாம் அடி முதலடியைக் கூர்மையாக்குகிறது, ஒரு படி கூட்டுகிறது என்று காட்டினார்கள். மேலே பார்த்த கழுதை அப்படித்தான்.

படிக்கும்போது ஒரு சின்னப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் "இரண்டாவதில் புதிதாக என்ன வந்தது?" என்று கேளுங்கள். பத்தில் எட்டு இடங்களில் ஏதாவது வந்திருக்கும். மீதி இரண்டில் கவிஞர் மூச்சு வாங்குகிறார் என்று விட்டுவிடலாம்.

6. இதெல்லாம் ரசனை விஷயம். இணைவரி தெரியலைன்னா அர்த்தம் ஒண்ணும் மாறிடாதே?

மாறிவிடும். ஏசாயா 40:3-ஐப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "வனாந்தரத்திலே கூப்பிடுகிற சத்தம்" என்று இருக்கிறது. சத்தம் போடுகிறவர் காட்டில் இருக்கிறார். சுவிசேஷங்கள் யோவான் ஸ்நானனைப் பற்றிச் சொல்லும்போது எடுத்துக்கொண்ட வாசிப்பும் அதுவே. எபிரேயத்தில் இணைவரியாகப் பிரித்தால் வேறு மாதிரி விழுகிறது:

ஒரு குரல் கூவுகிறது:
வனாந்தரத்தில் கர்த்தருக்கு வழி அமையுங்கள்,
பாலைவெளியில் நம் தேவனுக்கு நெடுஞ்சாலை போடுங்கள்.

வனாந்தரமும் பாலைவெளியும் ஒரு ஜோடி. இப்போது காட்டில் இருக்க வேண்டியது சாலை. திருவிவிலியம் இந்தப் பிரிப்பைத்தான் எடுத்திருக்கிறது. கும்ரானில் வாழ்ந்த யூதச் சமூகத்தினரும் தங்கள் விதிநூலில் இந்த வசனத்தை இப்படியே வாசித்து, நகரத்தை விட்டுப் பாலைக்குப் போவதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். ஒரு நிறுத்தம் எங்கே விழுகிறது என்பதில் ஒரு கூட்டத்தின் வாழ்க்கையே அடங்கியிருந்தது.

இன்னொன்று சகரியா 9:9. ராஜா "கழுதையின்மேலும், கழுதைக் குட்டியின்மேலும்" வருகிறார். இணைவரிப்படி இது ஒரே மிருகம்தான், இரண்டாம் அடி 'குட்டி' என்று கூர்மையாக்குகிறது. இயேசு எருசலேமுக்குள் வருவதைச் சொல்லும் மத்தேயு 21 கழுதை, குட்டி இரண்டையும் கொண்டுவரச் செய்கிறது. மாற்கிலும் லூக்காவிலும் ஒரு குட்டி மட்டும். ஏன் என்று இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

7. ஒரே ஒரு பாட்டு படிக்கணும்னா எதைப் படிக்கட்டும்?

ஏசாயா 5, முதல் ஏழு வசனங்கள். யோசிக்காமல் சொல்வேன்.

காதல் பாட்டு மாதிரி ஆரம்பிக்கிறது: "என் அன்பனுக்காகப் பாடுவேன், அவன் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி ஒரு பாட்டு." திராட்சை அறுவடைத் திருவிழாவில் பாடியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். செழிப்பான குன்று, கிளறிய மண், பொறுக்கிப்போட்ட கற்கள், நல்ல ஜாதிக் கொடி, நடுவில் காவல் கோபுரம், பாறையில் வெட்டிய ஆலைத் தொட்டி. கூட்டம் தலையாட்டிக்கொண்டே கேட்டிருக்கும். அவன் நல்ல பழத்துக்குக் காத்திருந்தான். வந்ததோ நாற்றமடிக்கும் காய். உடனே பாடுகிறவர் கூட்டத்தைப் பார்த்து: "எருசலேமின் குடிகளே, எனக்கும் என் தோட்டத்துக்கும் நடுவே நீங்களே நியாயம் சொல்லுங்கள்." கேட்டவர்கள் தீர்ப்பை மனதில் எழுதியிருப்பார்கள். தோட்டக்காரன் பக்கம்தானே நியாயம்?

அப்புறம் தண்டனை: வேலியைப் பிடுங்குவேன், சுவரை இடிப்பேன், கத்தரிக்க மாட்டேன், களையெடுக்க மாட்டேன். எல்லாம் ஒரு விவசாயி கோபத்தில் செய்யக்கூடியவை. கடைசியாக: "மழை பெய்யாதபடி மேகங்களுக்குக் கட்டளையிடுவேன்." எந்த விவசாயிக்கு மேகம் கட்டுப்படும்? அந்த ஒரு வரியில்தான் கேட்கிறவனுக்கு வயிறு கலங்குகிறது. ஏழாம் வசனம் வரும் முன்பே தோட்டக்காரன் யார், தோட்டம் யார் என்று தெரிந்துவிட்டது. தீர்ப்பை ஏற்கெனவே அவனே சொல்லியும்விட்டான்.

முத்தாய்ப்பு நான்கு சொற்கள். மிஷ்பாத் (நியாயம்) எதிர்பார்த்தார், கிடைத்தது மிஸ்பாக் (இரத்தம் சிந்துதல்). ட்ஸெதாக்கா (நீதி) எதிர்பார்த்தார், கிடைத்தது ட்ஸெஆக்கா (அலறல்). எகிப்தில் அடிமைகள் போட்ட கூக்குரலுக்கும் யாத்திராகமம் இதே சொல்லைத்தான் வைக்கிறது. நல்ல பழமும் நாறல் காயும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி தெரியும் அல்லவா, அதுபோல இந்தச் சொற்களும் காதுக்கு ஏறக்குறைய ஒன்று. பழைய மொழிபெயர்ப்பு "நியாயத்துக்குக் காத்திருந்தார், இதோ, கொடுமை, நீதிக்குக் காத்திருந்தார், இதோ, முறைப்பாடு" என்கிறது. பொருள் சரி, ஓசை போய்விட்டது. ஆனால் அந்த 'முறைப்பாடு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு ஆசை. முறை என்றாலே நம் பழைய தமிழில் நீதிதான். 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்கிறது குறள். அப்படியானால்: "செங்கோலுக்குக் காத்திருந்தார், இதோ செங்குருதி, முறைக்குக் காத்திருந்தார், இதோ முறையீடு." குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர் மட்டும் கைதட்டினார். பரவாயில்லை.

8. அழிவைப் பத்திப் பேசும்போது சிலேடை என்ன வேண்டிக்கிடக்கு? விளையாட்டா தெரியலையா?

நமக்குச் சிலேடை என்றால் சிரிப்பு. அவர்களுக்குச் சொல் என்பது காற்றில் போகும் ஓசை மட்டும் இல்லை. 'தாபார்' என்ற ஒரே எபிரேயச் சொல்லுக்கு வார்த்தை என்றும் பொருள், காரியம் என்றும் பொருள். இரண்டு சொற்கள் ஒலியில் ஒட்டிக்கொண்டால் காரியத்திலும் ஏதோ ஒட்டு இருக்கிறது என்று காது நம்புகிறது.

ஆமோஸ் 8-ல் கடவுள் ஒரு கூடையைக் காட்டி "என்ன பார்க்கிறாய்?" என்கிறார். "காயிட்ஸ்", கோடைப் பழம். "என் ஜனத்துக்குக் கேட்ஸ் வந்துவிட்டது", அதாவது முடிவு. கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கெசேர் நாட்காட்டி என்ற சிறு சுண்ணாம்புக்கல் பலகையில், கோடைப்பழ மாதத்தை 'முடிவு' என்ற சொல்லின் எழுத்துகளாலேயே எழுதியிருக்கிறார்கள். ஆக வட நாட்டுப் பேச்சில் (தெற்கே யூதா, வடக்கே இஸ்ரவேல் என்று அப்போது இரண்டு அரசுகள்) இரண்டும் ஒன்றாகவே ஒலித்திருக்கலாம். பழக்கூடையை இனி அந்த ஊர்க்காரர் எப்படி நிம்மதியாகப் பார்ப்பார்? எரேமியாவுக்குக் காட்டப்படுவது வாதுமைக் கிளை. வாதுமைக்கு ஷாகேத் என்று பெயர், விழித்திருப்பவனுக்கு ஷோகேத். குளிர்காலம் முடியும் முன்பே பூத்து முதலில் விழிக்கும் மரம் அது.

இதில் உச்சம் மீகா 1. தன் சொந்தப் பகுதியில் உள்ள ஊர்களின் பெயரையெல்லாம் வரிசையாக எடுத்து, ஒவ்வொரு பெயருக்குள்ளிருந்தும் அந்த ஊரின் கேட்டை உருவுகிறார். புழுதியூரே புழுதியில் புரள், பொய்யூர் பொய்த்துப் போகும் என்கிற தோரணை. அதில் லாகீசும் உண்டு. கி.மு. 701-ல் அசீரியர் அந்த ஊரைப் பிடித்த காட்சி அவர்கள் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவரில் செதுக்கப்பட்டு, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. விளையாட்டுப் பட்டியலாக எனக்கு அது தெரியவில்லை. பெற்ற பிள்ளைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிற மாதிரிதான் தெரிகிறது.

9. ஒப்பாரி மாதிரி இருக்குன்னு எங்க அம்மா சொன்னாங்க. சரியா?

உங்கள் அம்மாவுக்குக் காது நல்ல காது. 'கினா' என்று ஒரு தனி வகையே உண்டு, இழவுப் பாட்டு. அதன் நடை நொண்டும்: முதல் அடி மூன்று அழுத்தம், அடுத்தது இரண்டு. அழுகையில் மூச்சு பாதியில் அறுந்துபோவதுபோல. 1882-ல் கார்ல் புட்டே என்ற ஜெர்மானியர் இதை விளக்கிக் காட்டினார். புலம்பல் நூல் இந்த நடையில்தான் பெரும்பகுதி ஓடுகிறது. போதாக்குறைக்கு எபிரேயத்தின் 22 எழுத்துகளை வரிசையாக வைத்து, அகரவரிசையில் அழுகிறது. கூலிக்கு அழும் பெண்களும் இருந்தார்கள். எரேமியா 9-ல் அவர்களை வரச்சொல்லி ஆள் அனுப்பச் சொல்கிறார், "மரணம் எங்கள் ஜன்னல் வழியாக ஏறி வந்துவிட்டது" என்று.

ஆனால் ஆமோஸ் செய்தது வேறு. அவர் காலத்தில் வடநாடு செழிப்பாக இருந்தது, தந்தக் கட்டில்களில் சாய்ந்துகொண்டு விருந்து சாப்பிட்டார்கள். அவர்கள் முன்னால் நின்று, "விழுந்தாள், இனி எழாள், கன்னி இஸ்ரவேல்" என்று ஆரம்பித்தார். உயிரோடு, அதுவும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, அவர் பெயர் சொல்லி மாரடித்தால் எப்படி இருக்கும்? அந்த அபசகுனம்தான் அவருடைய ஆயுதம். ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து, கி.மு. 722-ல், வடநாட்டின் தலைநகர் சமாரியா விழுந்தது.

10. ஆமோஸ் ஆடு மேய்க்கிறவர்தானே? இவ்வளவு கவிதை எங்கே படிச்சார்?

முதலில், அவர் ஏழை மேய்ப்பர் என்பது உறுதியில்லை. அவரைக் குறிக்கும் 'நோகேத்' என்ற சொல் மோவாபின் அரசனான மேசாவுக்கும் வருகிறது. மந்தை வைத்திருப்பவர் என்று கொள்ளலாம். காட்டத்திப் பழங்களைக் கவனிப்பவர் என்றும் தன்னைச் சொல்கிறார். அந்தப் பழத்தைக் கீறிவிட்டால்தான் சீக்கிரம் பழுக்கும். ஊர் தெக்கோவா, யூதாவில், எருசலேமுக்குத் தெற்கே. இரண்டாவது, கவிதை அங்கே பள்ளிக்கூடச் சரக்கு இல்லை. கிணற்றடியிலும் இழவு வீட்டிலும் அறுவடையிலும் கிடந்தது.

அவருடைய கைத்திறனுக்கு முதல் இரண்டு அதிகாரங்களைப் பாருங்கள். "தமஸ்குவின் மூன்று பாதகங்களுக்காக, நான்குக்காக..." என்று ஆரம்பம். அடுத்து காத்சா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப். ஒவ்வொன்றும் எதிரி நாடு. கூட்டம் கைதட்டியிருக்கும். ஏழாவதாகச் சொந்த இனமான யூதா. ஏழு ஆயிற்று, முடிந்தது என்று நினைக்கும்போது எட்டாவது: "இஸ்ரவேலின் மூன்று பாதகங்களுக்காக, நான்குக்காக." நீதிமானைப் பணத்துக்கு விற்றார்கள், எளியவனை ஒரு ஜோடிச் செருப்புக்கு. சுற்றிச் சுற்றி வலையை இழுத்து, நடுவில் நிற்கிறவனைப் பிடிக்கிறார். ஏழாம் பதிலில் சொன்ன தோட்டப் பாட்டும் இதே பொறிதான். கேட்பவனுக்குப் பிடித்த பாட்டை எடுத்து அவன் கையாலேயே அவனைக் கட்டவைப்பது. வடநாட்டின் பெத்தேல் கோயில் பூசாரி கடைசியில் "யூதாவுக்கு ஓடிப்போ, அங்கே பிழைத்துக்கொள்" என்று விரட்டினார்.

11. ஓசியா கடவுளைப் பூச்சி, உளுப்புன்னெல்லாம் சொல்றாரே?

சொல்கிறார். எப்பிராயீமுக்கு (வடநாட்டுக்கு இன்னொரு பெயர்) நான் துணியை அரிக்கும் பூச்சி, யூதாவுக்கு உளுப்பு, அதாவது உள்ளிருந்து அரிக்கும் அழுகல். இரண்டு வசனம் தள்ளி, நான் சிங்கம். சத்தமில்லாமல் அரிப்பதும் பாய்ந்து கிழிப்பதும் ஒரே கையின் வேலை. ஓசியாவில் உவமை நிலையாக நிற்காது, அதுதான் அவர் அழகு.

எனக்குப் பிடித்தது பனித்துளி. ஆறாம் அதிகாரத்தில்: "உங்கள் அன்பு காலை மேகம்போல, விடியற்காலையில் ஒழிந்துபோகும் பனிபோல." நிற்காத அன்பு. பதின்மூன்றில் அந்த மக்களே பனிபோல மறைவார்கள். பதினாலில், புத்தகம் முடியப்போகும் இடத்தில், கடவுள் சொல்கிறார்: "இஸ்ரவேலுக்கு நான் பனியைப்போல் இருப்பேன், அவன் லீலியைப்போல் பூப்பான்." கோடை முழுவதும் மழையே இல்லாத நாடு அது. பனிதான் செடியைக் காப்பாற்றும். ஆவியாகிற பனி, உயிர் கொடுக்கிற பனி, ஒரே துளி. இதை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் செய்கிறார்.

12. இன்னும் நடக்காததை 'நடந்தது'ன்னு இறந்தகாலத்துல சொல்றாங்களே, அது தப்பில்லையா?

'விழுந்தாள்' என்று ஒன்பதாம் பதிலில் பார்த்தோமே, அதைக் கேட்கிறீர்கள். எபிரேய வினைக்குக் காலத்தைவிட 'முடிந்ததா, முடியாததா' என்பது முக்கியம். நிச்சயம் நடக்கும் என்பதை முடிந்த வடிவத்தில் சொல்லிவிடுவார்கள். நமக்கு இது புதிதில்லை. இலையில் உட்காராதவனே "இதோ சாப்பிட்டுட்டேன், வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறானே! விரைவு, மிகுதி, தெளிவு காரணமாகக் காலம் மயங்கலாம் என்று நன்னூலே அனுமதிக்கிறது. தீர்க்கதரிசிகளுடையது 'தெளிவு' என்ற கணக்கில் சேரும்.

13. ஏசாயாவும் மீகாவும் ஒரே பாட்டைப் பாடியிருக்காங்க. யார் யாரைக் காப்பி அடிச்சது?

பட்டயங்களை மண்வெட்டியாக அடிப்பார்கள் என்ற பாட்டு ஏசாயா 2, மீகா 4 இரண்டிலும் இருக்கிறது. யாரிடமிருந்து யார் என்று முடிவாகவில்லை. இருவருக்கும் முந்திய கோயில் பாட்டாகவும் இருக்கலாம். சுவாரசியம் யோவேலில். அவர் அதைத் தலைகீழாக்கி "மண்வெட்டிகளைப் பட்டயங்களாக அடியுங்கள்" என்கிறார். நியூயார்க்கில் ஐ.நா. வளாகத்தில் 1959-ல் சோவியத் யூனியன் அன்பளிப்பாகக் கொடுத்த சிலை முதல் வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

14. நாகூம் முழுக்க ரத்தம். இதைப்போய் எப்படி அழகுன்னு சொல்றது?

கஷ்டமான கேள்வி. முதலில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்:

சாட்டை ஓசை. சக்கர அதிர்வு. பாயும் குதிரை. துள்ளும் தேர். மின்னும் ஈட்டி. வெட்டுண்டோர் திரள். பிணக் குவியல். எல்லையில்லா உடல்கள். உடல்களில் இடறி விழுகிறார்கள்.

கடைசி வரிவரை வினைமுற்றே இல்லை. கேமரா வெட்டி வெட்டி ஓடுகிறது. முதல் முறையாக ஒரு முழு வினை வரும்போது, ஆட்கள் பிணத்தில் தடுக்கி விழுகிறார்கள். நாகூம் பாடுவது அசீரியத் தலைநகர் நினிவேயின் வீழ்ச்சியை. கி.மு. 612-ல் பாபிலோனியரும் மேதியரும் அதை அழித்தார்கள். அசீரியர் கழுவேற்றியதைத் தங்கள் அரண்மனைச் சுவர்களிலேயே பெருமையாகச் செதுக்கியவர்கள். மிதிபட்டவனின் பாட்டு இது என்று தெரிந்தால் கொஞ்சம் புரியும். புத்தகம் ஒரு கேள்வியில் முடிகிறது: "உன் ஓயாத கொடுமை யார்மேல்தான் வரவில்லை?" அதே நினிவேயைப் பற்றிய யோனாவும் கேள்வியில்தான் முடிகிறது; அங்கே கேள்வி, அந்த ஊருக்கு நான் இரங்க வேண்டாமா என்பது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன்.

ஆனால் நாட்டைத் துரோகம் செய்த மனைவியாக்கி, அவளை ஊர் நடுவே அம்மணமாக்கும் பகுதிகள் (ஓசியா 2, எசேக்கியேல் 16, 23) வேறு கதை. அங்கே கவித்திறன் குறையவில்லை, அதனால்தான் உறுத்தல் கூடுகிறது. குழுவில் இதைப் படித்த அன்று இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துச் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

15. ஏசாயா ஒருத்தர் இல்ல, ரெண்டு மூணு பேர்னு சொல்றாங்களே. அப்போ அழகு போச்சா?

40-ஆம் அதிகாரத்திலிருந்து சூழல் மாறுகிறது. அசீரியா போய் பாபிலோன் வந்துவிட்டது. பாரசீக அரசன் கோரேசின் பெயர் நேராகவே வருகிறது. அவன் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. அதனால் இது எருசலேமில் இருந்த ஏசாயாவுக்கு நூற்றைம்பது வருடம் பிந்திய ஒருவர் எழுதியது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஒரே ஆள் முன்கூட்டிக் கண்டது என்று நம்புகிறவர்களும் உண்டு. மூன்றாம் பதிலில் சொன்ன பெரிய ஏசாயா சுருளில் 40-ஆம் அதிகாரம் ஒரு பத்தியின் கடைசி வரியில், இடைவெளி எதுவும் விடாமல் ஆரம்பிக்கிறது. எழுதியவர் இரண்டு நூலாக அதைப் பார்க்கவில்லை.

நடை மாறியிருப்பது காதுக்கே தெரியும். முதல் பகுதி வெட்டும், இது நீண்டு ஓடும், ஒரே சொல்லை இரண்டு முறை அழைக்கும்: ஆறுதல், ஆறுதல், விழித்தெழு, விழித்தெழு. பெயர் தெரியாத புலவர் என்பதால் பாட்டின் ருசி குறையுமா? நம் சங்கப் பாடல்களிலேயே பெயர் தெரியாமல், பாட்டில் வரும் ஒரு தொடரையே பெயராகப் பெற்றவர்கள் எத்தனை பேர்! செம்புலப்பெயனீராரை யாரும் கைவிடவில்லையே.

16. தமிழ்ல படிக்கிறோம். இந்த அழகுல எவ்வளவு மிஞ்சுது?

நினைப்பதைவிட அதிகம். இணைவரி கருத்தில் நடப்பது. ஆகையால் எந்த மொழிக்குப் போனாலும் உயிரோடு போய்ச் சேர்கிறது. ஓசை விளையாட்டுதான் வழியில் செத்துவிடும் (எட்டாம் பதில்).

ஆனால் சில இடங்களில் தமிழ் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. ஏசாயா 40-ன் முதல் சொல் 'நஹமு நஹமு'. ஒரே சொல் இருமுறை. பழைய மொழிபெயர்ப்பு அதை "என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று போட்டது. மூலத்தில் இல்லாத எதுகை நம் மொழியின் இணைச்சொல்லிலிருந்து தானாக வந்து உட்கார்ந்தது. திரும்பச் சொல்லும் தாலாட்டுத் தொனி மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னொன்று எரேமியா 4:23: "பூமியைப் பார்த்தேன், அது ஒழுங்கின்மையும் வெறுமையுமாயிருந்தது." ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் வரும் அதே இரண்டு சொற்கள், எபிரேயத்திலும் தமிழிலும். தொடர்ந்து மூன்று முறை 'பார்த்தேன்': மலைகள் நடுங்கின, மனிதன் இல்லை, பறவைகள் பறந்துபோயின, செழிப்பான நிலம் வனாந்தரம். படைப்பைப் பின்னோக்கி ஓட்டுகிறார். தமிழில் சொல் மாறியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

17. அழகு அழகுன்னு ரசிச்சுக்கிட்டே இருந்தா, அவங்க சொல்ல வந்தது காணாமப் போயிடாதா?

இதை எசேக்கியேலே கேட்டுவிட்டார். 33-ஆம் அதிகாரத்தின் கடைசியில் கடவுள் அவரிடம் சொல்வது: ஜனங்கள் வீட்டு வாசல்களில் உன்னைப் பற்றியே பேசுகிறார்கள், வா போய்க் கேட்கலாம் என்கிறார்கள், வந்து உன் முன்னால் உட்காருகிறார்கள். நீ அவர்களுக்கு இனிய குரலில் காதல் பாட்டுப் பாடி நன்றாக வாசிக்கிறவன். உன் வார்த்தைகளைக் கேட்கிறார்கள், செய்கிறதில்லை.

ஆக இந்தப் பிரச்சினைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வயதுக்கு மேல். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

18. எபிரேயம் கத்துக்காம இதுக்குமேல போக முடியாதா?

போகலாம். இரண்டு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாலே பாதி தூரம். வேறுபடும் இடத்தில்தான் மூலம் கடினமாக இருக்கும். ஆனால் எழுத்துகள் 22தான்; ஒரு வாரம் போதும், பொருள் தெரியாமலாவது எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். எபிரேய வாசிப்பின் ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் ஆமோஸ் 5:2-ஐக் கேளுங்கள். மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. மேசையில் விரலால் தட்டிக்கொண்டு கேளுங்கள், நொண்டுவது தெரியும்.